கொஞ்சம் சத்தம் மிச்சம் இருக்கட்டும்

தெருவில் அவருக்கு டபுள் ஹாரன் என்று பெயர். லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஆயுசில் பாதியை இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து கழித்ததால், பக்கத்தில் நிற்கிற ஆளிடம்கூட ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்பவனைக் கூப்பிடுவது மாதிரிதான் பேசுவார். மனுஷர்களை நம்புகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கடையில் சாமான் நிறுக்கும்போது தராசைப் பார்க்க மாட்டார், நிறுக்கிறவன் கண்ணைப் பார்ப்பார். பஞ்சர் ஒட்டுகிறவனிலிருந்து பல் பிடுங்குகிற டாக்டர் வரைக்கும் எல்லோரும் தன்னை ஏமாற்றத்தான் காலையில் முகம் கழுவிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்பது அவர் கட்சி. அதில் பாதி உண்மை இல்லாமலும் இல்லை.

அவர் நம்பிய ஒரே ஆள் மகன். அந்த மகன் அவரை நம்பி விட்டுப்போன ஒரே பொருள் ஒரு கம்ப்யூட்டர்.

மகன் படம் போடுகிறவன். சுவரில் மாட்டுகிற படம் இல்லை. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி காட்டுகிற படம். எங்கோ ஒரு கம்பெனி வீடு விற்க வேண்டியிருக்கும். கடைக்கால்கூடத் தோண்டியிருக்க மாட்டார்கள். அதற்குள் கூடம், சமையலறை, ஜன்னல் வழியாக விழுகிற வெயில், எல்லாவற்றையும் இவன் போட்டுக் கொடுத்துவிடுவான். அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். அதற்குள்ளே செங்கல் கனத்தில் ஒரு கார்டு. கிராபிக்ஸ் கார்டு என்பார்கள். வெயில் எங்கே விழும், நிழல் எங்கே சாயும் என்று கணக்குப் போடுவது அதுதான். கணக்கு ஏற ஏறச் சூடு ஏறும். சூடு ஏறினால் அதன் மேலிருக்கிற விசிறிகள் பேய் பிடித்த மாதிரி சுற்றும்.

மகனுக்குத் தூரத்து ஊரில் ஜாகை. ஒரே அறையில் இரண்டு பேர். கூட இருப்பவன் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவன். இவன் பகலில் கம்ப்யூட்டரை ஓட்டினால் அவன் தூக்கம் போச்சு. போதாததற்கு அறையே அடுப்பு மாதிரி கொதிக்கும். "ஒண்ணு இது இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அவன் ஒரு நாள் தலையணையைத் தூக்கி அடித்தான். வாடகையில் பாதி அவனுடையது. ஆகவே கம்ப்யூட்டர்தான் வெளியேற வேண்டியதாயிற்று. மகன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தான் படித்த அறையில், படித்த மேசை மேலேயே வைத்தான்.

"இது இங்கயே ஓடட்டும்பா. நான் அங்க ஒரு சின்ன கம்ப்யூட்டர்ல உக்காந்து நெட் வழியா இதை ஓட்டிக்குவேன். நீங்க ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க."

"ஸ்டியரிங் ஒரு ஊர்ல, வண்டி ஒரு ஊர்லயா? கதை விடாதடா."

"அதேதாம்பா. ஒண்ணும் தொடாதீங்க, போதும்."

மகன் போன பிறகு ஒரு காலையில் அறைக்குள் எட்டிப் பார்த்தால், திரையில் அம்பு தன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. டபுள் ஹாரன் பேய் என்று பயப்படுகிற ஆள் இல்லை. திருடன் என்று சந்தேகப்படுகிற ஆள். உடனே போனைப் போட்டார்.

"டேய், எவனோ உள்ள பூந்துட்டான்! அம்பு தன்னால ஓடுது!"

"கத்தாதீங்கப்பா, காது போகுது. அது நாந்தான்."

"நீயா?"

"நாந்தான். இப்பப் பாருங்க."

அம்பு திரைக்கு நடுவே வந்து ஒரு வட்டம் போட்டது. பிறகு இன்னொன்று. அவர் போனைக் காதில் வைத்தபடியே, வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு அவருக்கு அதுவே வேலையாகிவிட்டது. காலை டீயைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போவார். அம்பு வந்திருக்கும். ஒரு சோபாவைப் பிடித்து இழுக்கும், சுவரோரம் தள்ளும், திருப்திப்படாமல் திரும்பவும் நடுக்கூடத்துக்கே கொண்டுவரும். "அங்க போடாதடா, கதவு இடிக்கும்" என்று இவர் திரையைப் பார்த்துச் சொல்வார். சில நேரம் அம்பு அவர் சொன்னபடியே செய்யும். அன்றைக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். செய்யாவிட்டால், "சொன்னா கேக்கமாட்டான், அவங்கம்மா புத்தி" என்பார். அவங்கம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் அவர் வாயைத் திறப்பது அந்த ஒரு அறைக்குள்தான்.

அம்பு அசையாமல் நின்றால் மகன் சாப்பிடப் போயிருக்கிறான். இவரும் எழுந்து போய்த் தனக்கு ஒரு தட்டைப் போட்டுக்கொள்வார். விசிறிகள் ஓலமிட்டால் படம் வெந்துகொண்டிருக்கிறது. அப்போது அறைக்குள் வெக்கை தாங்காது. இருந்தாலும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். இன்ஜின் சூட்டில் வெந்தவருக்கு இது ஒரு சூடா?

அந்தப் படங்களில் ஆட்களே கிடையாது. கட்டில் இருக்கும், படுப்பவர் இருக்க மாட்டார். மேசையில் பழக்கிண்ணம் இருக்கும், ஒரு கடி கடித்த பழம் இருக்காது. போனில் ஒரு தடவை கேட்டே விட்டார்.

"ஏண்டா, அரமனை மாதிரி வீடு, ஒரு பயலைக் காணோமே?"

"வீடு வாங்க வர்றவங்க தங்களை அங்க வச்சுப் பாக்கணும்பா. வேற ஆள் நின்னா பிடிக்காது."

"வாசல்ல ரெண்டு செருப்பாவது போடுடா. இழவு விழுந்த வீடு மாதிரி இருக்கு."

மகன் சிரித்தான். சிரித்துவிட்டு, "மாத்திரை போட்டீங்களா, சாப்டீங்களா" என்று எப்போதும் கேட்கிற இரண்டையும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். போனில் அவர்கள் பேசுவது அவ்வளவுதான். அவரும் அதற்காகக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. பேச்சு எதற்கு, ஆள்தான் பகலெல்லாம் எதிரே நடமாடுகிறானே.

வெயில் காலம் வந்ததும் சனியன் பிடித்தது. கார்டு உறுமுவதை விட்டுவிட்டுக் கதற ஆரம்பித்தது. நடுவில் ஒரு கரகரப்பு வேறு, தேய்ந்துபோன பேரிங் மாதிரி. படம் முக்கால்வாசி வெந்திருக்கும்போது பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். அங்கே மகன் தலையில் கையை வைத்துக்கொள்வான். "இன்னொரு வாட்டி லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்கப்பா" என்றான் ஒரு நாள். குரல் செத்திருந்தது.

டபுள் ஹாரன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பார்த்தார். முதலில் தூசி விழாமலிருக்க ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்து, லோடுக்குத் தார்ப்பாய் போடுகிற ஒழுங்கோடு கம்ப்யூட்டருக்குப் போர்த்தி, நாலு மூலையையும் இழுத்துக் கட்டினார். பிறகு எங்கே சுடுகிறது என்று சுற்றிலும் தடவிப் பார்த்தார். பின்பக்கம்தான் கொதித்தது. சுடுகிற இடத்துக்குத்தானே காற்று வேண்டும்? டேபிள் ஃபேனைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்து, அந்த இடத்தைப் பார்த்து முழு வேகத்தில் திருகிவிட்டார். சத்தம் இரண்டு பங்கானது. சூடு இறங்கவில்லை, ஏறியது. கம்ப்யூட்டர் முன்னைவிட அடிக்கடி அணைந்தது. பொருளே மட்டமான பொருள், மகன் தலையில் எவனோ கட்டிவிட்டான் என்று முடிவுக்கு வந்தார்.

"சர்வீசுக்கு ஆள் சொல்லியிருக்கேம்பா."

"ஒருத்தனும் வரக்கூடாது. நல்லதைக் கழட்டிட்டு ஓட்டையை மாட்டிட்டுப் போவான்."

"அப்ப இதை வித்துட்டு வாடகை மெஷினுக்குப் போயிடறேன். எனக்கும் வேற வழி இல்ல."

காலை டீயோடு அந்த அறைக்குப் போனால் மேசை மொட்டையாக இருக்கும் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

"எப்ப வர்றான் அவன்?" என்றார்.

வந்தது அவன் இல்லை, அவள். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் வண்டிக் காற்று அடிக்கிற பம்பு மாதிரி ஒன்று.

"உன்னையாம்மா அனுப்பினாங்க?"

"ஏன் ஐயா, மீசை வச்சுட்டு வரணுமா?"

அவருக்கு அது பிடித்திருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அறைக்குள் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதுக்கு யாரு போர்வை போத்தினது? ஜுரமா?"

"தூசி விழக்கூடாதுன்னு போட்டேன்."

"பின்னாடி இந்த ஃபேன்?"

"அங்கதான் சுடுது. அதான்."

அவள் ஃபேனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி ஃபேனைப் பார்த்தாள்.

"ஐயா, அது சூட்டை வெளிய துப்பற வாய். அது துப்பத் துப்ப நீங்க திரும்ப அது வாயிலயே ஊதி விட்டிருக்கீங்க. மூச்சுத் திணறியே செத்திருக்கும், பாவம்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யாரு, நானா? இப்பத்தானே செருப்பையே கழட்டினேன்!"

அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்கொத்திப் பாம்பாக அவள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. அவள் கார்டைக் கழற்றி வெளியே எடுத்தபோது, "நில்லு" என்று கையை நீட்டித் தடுத்து, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அதன் விளிம்பில் ஒரு கோடு இழுத்தார்.

"அடையாளம்" என்றார்.

"கோடு போதுமா? கையெழுத்தும் போட்டுடுங்க. இதைத் திருடிட்டுப் போய் எங்க வீட்ல வைக்க எடமில்ல. ஏற்கெனவே எங்க மாமியார் இருக்காங்க, சூட்டுக்கு."

பம்பால் தூசியை ஊதினாள். திருகாணிகளைக் கழற்றி, கார்டின் மேலிருந்த அலுமினியப் பட்டைகளை அப்படியே பெயர்த்தாள். நடுவில் ஒரு சின்னச் சதுரம். அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து வெடித்திருந்தது.

"இது பசை. சிப்புல இருந்து சூட்டை இந்தப் பட்டைக்கு ஏத்தி விடறது இதுதான். காஞ்சு போச்சு. சூடு மேல ஏறாம உள்ளயே கெடக்கு; விசிறி சும்மா காத்தைக் கடையுது. அதான் அந்தக் கத்தல்."

ஸ்பிரிட்டில் துணியை நனைத்து அதை வழித்து எடுத்தாள். பட்டாணி அளவு புதுப் பசை வைத்தாள். கரகரப்புக்குக் காரணம் ஒன்றுமில்லை: ஒரு வயர் தொங்கி விசிறி இறக்கையில் உரசிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கிக் கட்டினாள். கனத்தால் கார்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு முட்டு கொடுத்தாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்தபோது மகன் போனில் வந்தான். போனை அவள் மேசைமேல் வைத்துச் சத்தமாகப் பேசவிட்டாள்.

"கார்டுக்குப் போற பவரைக் கொஞ்சம் இறுக்கி வைக்கறேன் தம்பி. இவ்வளவு குடிக்கணும்னே இல்ல அதுக்கு. வேகம் துளி குறையும், உங்களுக்கே தெரியாது. சூடுதான் மடமடன்னு எறங்கும். விசிறியும் சும்மா சும்மா எகிறாம, சூட்டுக்குத் தகுந்த மாதிரி மெதுவா ஏறும். வேலை இல்லாதப்ப நின்னே போயிடும்."

"பெரிய படம் ஒண்ணு விட்டுப் பாக்கட்டுமாக்கா?"

"விடுங்க."

அம்பு ஓடியது. ஒரு பெரிய கூடம் திரையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. டபுள் ஹாரன் எழுந்து, காது நன்றாகக் கேட்கிற பக்கத்தைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தார்.

"ஓடுதா?"

"ஓடுது ஐயா."

பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி, இதமாக ஏதோ வந்தது. வெளியே சைக்கிள் ஒன்று போவது கேட்டது. இந்த அறையிலிருந்து தெரு கேட்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"கெட்டிக்காரிதான்" என்றார், யாரிடமோ சொல்வது போல.

"அக்கா, ஒரு சந்தேகம்" என்றான் மகன். "இந்தச் சத்தத்துக்கு, அதே ரூம்ல ஒருத்தர் தூங்க முடியுமா?"

"கைக்குழந்தையே தூங்கும்."

"ரூம் கொதிக்காதே?"

"ஜன்னலைத் திறந்து வச்சா போதும்."

"அப்ப இதை நான் இங்கயே எடுத்துட்டு வந்துடலாம். நெட் வழியா ஓட்டறது இழுத்து இழுத்து வருதுக்கா. ஒரு நாற்காலியை நகர்த்தறதுக்குள்ள எனக்கு உயிர் போகுது. அப்பா, கேட்டீங்களா? இங்கயே வச்சுக்கலாமாம்!"

அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "கேட்டேன்" என்றார் அவர்.

போன் நின்றது. அவள் சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தாள். அவர் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா."

"சொல்லுங்க ஐயா."

"கொஞ்சம் சத்தம் மிச்சம் இருக்கட்டுமே."

"என்னது?"

"முழுசா வேணாம். பழைய சத்தத்துல கால்வாசி. அந்த வயரை மட்டும் கொஞ்சம் அவுத்து விட்டுடு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "சத்தம் போகணும்னுதான் என்னைக் கூப்பிடுவாங்க. சத்தம் வேணும்னு கேட்ட மொத ஆள் நீங்கதான்." சிரித்தபடியே நிமிர்ந்தவள் கண்ணில், திரைக்கு எதிரே தலையணை போட்டு வைத்திருந்த நாற்காலி பட்டது. மேசை விளிம்பில் டீ கிளாஸ் வைத்து வைத்து உண்டான வட்டக் கறைகள் பட்டன. சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"வயரை அவுத்தா இறக்கை தேயும். மறுபடி நின்னு போகும். உங்க பையன் வேலை போயிடும் ஐயா."

"கொஞ்சமாத்தானே கேட்டேன்."

"அவருகிட்டயே சொல்லிடலாமே?"

"என்னன்னு சொல்றது?"

அவள் பையைத் தோளில் மாட்டினாள். படி இறங்கும்போது, "அப்பப்ப தூசி தட்டச் சொல்லுங்க, அங்க போனாலும்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து வந்த நாட்களில் அம்பு பழையபடி ஓடியது. ஒரு தடவைகூட எதுவும் அணையவில்லை. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அடுப்பங்கரையில் நின்றால் மகன் வந்திருக்கிறானா, போயிருக்கிறானா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவும் மனசு வராது.

ஒரு பகலில் மகன் கூப்பிட்டான்.

"அப்பா, கூட இருக்கறவன் நம்ப மாட்டேங்கறான். சத்தமே இல்லன்னு சொன்னா, காதுல கேட்டாத்தான் ஒத்துக்குவேங்கறான். போனை கம்ப்யூட்டர்கிட்டப் பிடிங்க. அவன் பக்கத்துலதான் இருக்கான்."

"இரு. கண்ணாடியை எடுத்துட்டு வர்றேன்."

கேட்பதற்குக் கண்ணாடி எதற்கு என்று மகன் கேட்கவில்லை. டபுள் ஹாரன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தார். பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து அதன் கம்பி வலைக்குள் சொருகினார், இறக்கையில் படும்படியாக. ஸ்விட்சைப் போட்டதும் கல் அரைக்கிற மாதிரி எழும்பியது சத்தம். போனை அதன் முன்னால் பிடித்தார்.

அந்தப் பக்கம் புதுக் குரல் ஒன்று அலறியது. "டேய்! இது என்ன ரோடு ரோலரா? இதை உள்ள கொண்டு வந்தே, நான் உன்னை வெளிய தள்ளிடுவேன்!"

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். ஜெயித்தாயிற்று. ஃபேனை நிறுத்திவிட்டு, "பாத்தியாடா? நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அந்தப் பொம்பளை ஏமாத்திட்டா" என்றார்.

மகன் அறையைவிட்டு வெளியே நடந்து போகிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம்.

"அப்பா."

"ம்."

"நான் இன்னும் படத்தையே ஓடவிடலப்பா. கார்டுல மூணு விசிறியும் நின்னுகிட்டு இருக்கு. எனக்கு இங்க தெரியும்."

அவருக்குக் காது இரண்டும் சுட்டன. ஆயுசு முழுக்க அடுத்தவனைக் கையும் களவுமாகப் பிடித்துத்தான் பழக்கம், பிடிபட்டுப் பழக்கமில்லை.

"அது டேபிள் ஃபேனா?"

"ஆமா."

"ஏம்பா?"

"புழுக்கமா இருந்துச்சு."

"என்னால இப்படியே ஓட்ட முடியலப்பா" என்றான் மகன். "மத்தவங்க ஒரு நாள்ல முடிக்கறதை நான் ரெண்டு நாள் உக்காந்து பண்றேன். இது இங்க இருந்தா நான் தலை நிமிர்ந்துடுவேன். பார்சல்ல போட்டு விடுங்க."

"பார்சலா? அவனுங்ககிட்டயா? நானே அந்த வேலையில இருந்தவன்டா. 'கண்ணாடி'ன்னு எழுதின பெட்டி மேலதான் உக்காந்து சீட்டு ஆடுவானுங்க." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை? "நானே கொண்டு வர்றேன். மடியிலயே வச்சு எடுத்துட்டு வர்றேன். ஒரு நாலு நாள் இருந்து, அது ஓடறதைப் பாத்துட்டு வந்துடறேன்."

"நீங்க எங்கப்பா படுப்பீங்க? ரெண்டு கட்டில் போட்டா நடக்கவே எடமில்ல."

"கேபின்ல கால் மடக்கிப் படுத்தவன்டா நான். மேசைக்கு அடியில கெடப்பேன்."

"பகல்ல அவன் தூங்குவான்பா. நீங்க பேசினா..." மகன் நிறுத்தினான். "அவனை ஒத்துக்க வைக்கறதே பெரும்பாடு. பார்சலே போதும்பா. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

தன் குரல் எவ்வளவு பெரிய குரல் என்று அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. "சரிதான்" என்றார், முடிந்தவரைக்கும் மெதுவாக.

"நான் போட்ற படத்தையெல்லாம் உங்க போனுக்கு அனுப்பறேம்பா. ஒண்ணு விடாம."

"முடிஞ்ச படத்தையா?"

"ஆமா, முடிஞ்சதுதான்."

"முடிஞ்சதை வச்சுகிட்டு நான் என்னடா பண்றது" என்றார் அவர். அதற்குமேல் தனக்கே சொல்லத் தெரியவில்லை. மகன் அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. அவன் வாயிலிருந்து இன்னொரு வார்த்தை வந்தால் தாங்காது என்று தோன்ற, அவரே முந்திக்கொண்டார். "சரி, விடு. கட்டி அனுப்பறேன். எப்படிக் கழட்டணும்னு சொல்லு."

கம்ப்யூட்டர் கிளம்ப வேண்டிய காலையில் அவர் டீயோடு போய் உட்கார்ந்தார். அம்பு வந்தது. திறந்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மூடியது. பிறகு நேராகத் திரையின் கீழ் மூலைக்குப் போய், அணைக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டுத் தட்டியது. வழியில் எங்கும் நிற்கவில்லை. வேலையில் இருக்கிறவன், எதற்கு நிற்கப் போகிறான். திரை கறுத்து, அதில் டீ கிளாஸோடு ஒரு கிழவர் தெரிந்தார். அவர் எழுந்து வேலையைப் பார்த்தார்.

கார்டைத் தனியாகக் கழற்றி, தன்னுடைய பருத்தி வேட்டி ஒன்றை மடித்துச் சுற்றினார். கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் பஞ்சு திணித்து, ஆட்டிப் பார்த்தார். ஏதோ லேசாகக் குலுங்கின மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினார். கயிற்றில் அவர் போடுகிற முடிச்சை அவிழ்ப்பதற்கு மகன் அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும்.

பார்சல் ஆபீசில் சீட்டுப் போடுகிறவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன பெரியவரே?"

"தட்டாதே. கம்ப்யூட்டர்."

"'உடையும் பொருள்'னு ஒட்டிடவா?"

"ஒட்டாதே. அதைப் பாத்தா உங்க ஆளுங்களுக்குக் கை அரிக்கும். 'பழைய துணி'ன்னு எழுது."

"ஓஹோ. லாரி லைன்ல இருந்தவரா?" என்று சிரித்தார் அவர்.

லோடு ஏற்றும்போது டபுள் ஹாரன் கூடவே நின்றார். அடியில் வைக்காதே, ஓரத்தில் வைக்காதே, அந்தத் துணி மூட்டைக்கு நடுவில் வை, மேலே இரும்பு ஏற்றாதே என்று அவர் போட்ட சத்தத்தில் லோடுமேன்கள் இரண்டு பேரும் நொந்துபோனார்கள். "ஐயா, நீங்களே ஏறிப் பொட்டிமேல உக்காந்துக்கறீங்களா?" என்றான் ஒருவன். "உக்கார எடம் இல்லையாம்" என்றார் அவர். அவனுக்கு அது புரியவில்லை. டிரைவரிடம் போய், ஜன்னலைப் பார்த்துக் கழுத்தை நீட்டி, "பள்ளத்துல மெதுவா எறக்கு தம்பி, அவசரப்படாத" என்றார். டிரைவர் தலையை ஆட்டினான். அந்த மாதிரித் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும்.

வண்டி கிளம்பிப் போனது. லோடுமேன்கள் கை கழுவப் போனார்கள். சுவரோரம் ஒரு பெஞ்சு கிடந்தது. அவர் அதில் உட்கார்ந்தார். அடுத்த வண்டி உள்ளே வந்து, இன்ஜினை அணைக்காமலேயே நின்று உறுமியது. யாரோ யாரையோ திட்டினார்கள். யாரோ சிரித்தார்கள்.

சீட்டுப் போடுகிறவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, உங்க பார்சல் போயாச்சே. இன்னும் ஏதாவது அனுப்பணுமா?"

"இல்ல."

"யாரையாவது பாக்கணுமா?"

"இல்லப்பா. நீ உன் வேலையைப் பாரு" என்றார். சொல்லிவிட்டு, பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.